விடியலில் மட்டும் நொண்டும் வண்டி: கடலோரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மிஸ்ஸிங்கைப் பிடிப்பது எப்படி

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் 300 மீட்டர் தூரம்தான். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பது 1980களில் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று எல்லாமே பழைய முறை. போன மார்கழியில் அதற்கு மிஸ்ஸிங் வந்தது. காலை 6 மணிக்கு எடுத்தால் பாம்பன் பாலம் ஏறும்போது நொண்டும். அதே வண்டியை 10 மணிக்கு எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

மதுரையில் ஒரு பட்டறையில் விட்டேன். மூன்று நாள் வைத்திருந்து, பொறி விழும் நான்கு பிளக்கையும், 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றும் காயிலையும் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே இருந்தவரை ஒரு தடவைகூட மிஸ்ஸிங் வரவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் விடிகாலையே பழையபடி ஆரம்பித்துவிட்டது. கடைசியில் வழி காட்டியவர் கீழக்கரையில் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பாய். போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, பகல்ல கொண்டு வராதீங்க. பகல்ல அது நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். ராத்திரியே கொண்டுவந்து வெளியில நிறுத்துங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து பார்க்கிறேன்" என்றார்.

பழைய வண்டியைப் புதிதாக வாங்கி, இந்தக் கரையில் வைத்து ஓட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது அதைத்தான். விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்கைப் பொருளை மாற்றிப் பிடிக்க முடியாது. அது எப்போது வருகிறது என்று கண்டுகொண்டு, அந்த நிலைமையை நாமே உண்டாக்கி, அது வந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

மிஸ்ஸிங் என்பது என்ன

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 தடவை வெடிக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து நொடிக்கு 100 வெடிப்பு. அதில் சில நடக்காமல் போவதைத்தான் நாம் வெட்டி இழுப்பதாக உணர்கிறோம். வெடிப்பு நடக்க மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் வலுவான பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், அந்தக் கலவையைக் கசியவிடாமல் அமுக்கும் சிலிண்டர். மூன்றில் ஒன்று தவறினால் மிஸ்ஸிங். கடலோரத்தில், அதுவும் பழைய வண்டியில், நான் முதலில் சந்தேகப்படுவது பொறியைத்தான். அதற்கு அடுத்து எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பெட்ரோல் அதற்குப் பிறகு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அமுக்கம், கடைசி.

முதல் வேலை: ஒரு நோட்டு

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாரம் எழுதுங்கள். மணி என்ன, பனியா மழையா, எஞ்சின் சூடாக இருந்ததா, ஏற்றமா சமதளமா, எந்த கியர், டேங்கில் எவ்வளவு பெட்ரோல். ஒரு வாரத்தில் பத்து வரி சேர்ந்தாலே வண்டி பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

விடியலிலும் மழையிலும் வந்து, வெயில் ஏறியதும் போய்விட்டால் ஈரம். பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், காயிலின் கழுத்து, இவற்றைப் பாருங்கள். அரைமணி ஓடிச் சூடேறியபின் வந்து, நிறுத்தி ஆறவைத்தால் சரியாகிறதா? காயில், கண்டன்ஸர், எலக்ட்ரானிக் மாட்யூல், கொஞ்சம் பிந்தைய வண்டி என்றால் கிராங்க் சென்சர். மேடு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வருகிறது என்றால் ஏதோ ஒரு இணைப்பு ஆடுகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்து, ரேஸ் கொடுத்தால் போகிறது என்றால் எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது, அல்லது கார்புரேட்டரின் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு இடைவெளி குறைந்திருக்கிறது.

உடம்பால் உணர்வதையும் எழுதுங்கள். பொறி தவறினால் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி சட்டென்று வெட்டும். பெட்ரோல் வரத்து குறைந்தால் மூச்சு வாங்குகிற மாதிரி மெல்ல மெல்லத் தணியும். வெட்டும் நேரத்தில் ஆர்பிஎம் முள்ளையும் பாருங்கள். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் மட்டும் சட்டென்று கீழே விழுந்தால், குறை காயிலுக்கு முன்னால், அதாவது 12 வோல்ட் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். முள் ஒழுங்காக நின்றபடி வண்டி வெட்டினால் காயிலுக்குப் பின்னால் தேடுங்கள். இந்த ஒரு கவனிப்பு எனக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

நம் மாவட்டம் பெரும்பாலும் தட்டை நிலம். எஞ்சினுக்குப் பளு கொடுத்துப் பார்க்க நல்ல ஏற்றம் வேண்டுமென்றால் பாம்பன் சாலைப் பாலம்தான். 1988இல் திறந்த பாலம், சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம், கீழே படகுகள் போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். அந்த ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே வைத்து மிதித்துப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் கலவை அதிகம் போய் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பொறி பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். சும்மா ஓடும்போது 10,000 வோல்ட்டில் தாண்டுகிற பொறிக்கு ஏற்றத்தில் 20,000கூடத் தேவைப்படலாம். பலவீனமான ஒயரும் விரிசல் விட்ட கேப்பும் அந்த இடத்தில்தான் கைவிடும். ஆனால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறக்காதீர்கள். காற்றும் பேருந்தும் சேர்ந்து வரும் இடம் அது. மண்டபம் பக்கம் இறங்கி ஓரம்கட்டிப் பாருங்கள்.

உப்பு செய்யும் வேலை

கீழக்கரையில் அன்று விடிகாலை பாய் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மேல் ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுத்தார். விரலில் சாம்பல் நிறத்தில் ஈரப் பசை ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் உள்ள வந்து உக்காந்திருக்கு தம்பி" என்றார்.

கடற்காற்றில் நம் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் வருகின்றன. தண்ணீர் காய்ந்ததும் உப்பு தங்கிவிடுகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பகலில் தொந்தரவில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அடுப்படியில் ஐப்பசி மாதம் உப்பு ஜாடி கசிந்து நிற்குமே, அதேதான். பனி இறங்கும் விடியலில் கேப்பின் மேலிருக்கும் உப்புப் படலம் மெல்லிய உப்புநீராகி, மின்சாரம் ஓட ஒரு வழி போட்டுவிடும். பிளக்கில் பாயவேண்டிய பொறி, கேப்பின் மேல் ஊர்ந்து எர்த்துக்குப் போய்விடும். வெயிலிலோ எஞ்சின் சூட்டிலோ படலம் காய்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். காலை 10 மணிக்கு என் வண்டி நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். மதுரையில் மூன்று நாளும் மிஸ்ஸிங் வராததற்கும் இதைத்தான் காரணமாக நினைக்கிறேன்.

இப்படிப் பலமுறை ஊர்ந்தால் பொறி போன தடம் கேப்பிலேயே கரியாகப் பதிந்துவிடும். கேப்பைக் கழற்றி, உள்ளும் புறமும் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கீறியது போல முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், அது துடைத்தால் போகாது. கேப்பை மாற்றத்தான் வேண்டும். கோடு இல்லை, அழுக்கு மட்டும்தான் என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டலாம். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பல வீட்டுக் கிணறும் போரும் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசியதாகும். குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்புக்குள் நான்கு முனைகளிலும், அவற்றுக்கு நடுவே சுழலும் ரோட்டரின் நுனியிலும் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் இடைவெளி கூடிவிடும்.

இருட்டில் பார்க்கும் சோதனை

ஈரம்தான் காரணமா என்று உறுதிசெய்ய விடியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவில், தெருவிளக்கு படாத திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். துண்டு, லுங்கி, தொங்கும் எதுவும் வேண்டாம். ஃபேன் பெல்ட் இழுத்துக்கொள்ளும். எங்கும் பெட்ரோல் கசியவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்தில்கூட வரவேண்டாம்.

எஞ்சினை ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் நில்லுங்கள். எங்காவது நீலமாக மினுங்குகிறதா? இல்லையென்றால் பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, பனி மாதிரி மிக மெல்லியதாக ஒவ்வொரு பிளக் ஒயர்மேலும் தெளியுங்கள். ஒயர் முடிந்ததும் கேப், கடைசியாகக் காயிலின் கழுத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் விடுங்கள். எஞ்சின் தடுமாறும் இடத்தில் நிறுத்துங்கள். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டரின் ஒயர்மேல் தெளித்ததும் வளைவில் ஒரு நீலப் பூச்சி ஓடியது போல் இருந்தது, கூடவே 'டிக் டிக்' என்று சத்தம். பகலில் அந்த வளைவைத் திருப்பிப் பார்த்தபோது ரப்பரில் நகக்கண் அளவு விரிசல்.

மல்டிமீட்டர் இருந்தால் பிளக் ஒயர்களைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். கார்பன் ஒயர் என்றால் நீளத்துக்குத் தகுந்தபடி சில ஆயிரம் ஓம் முதல் 15, 20 ஆயிரம் வரை காட்டும். மூன்று ஒயர் ஒரு வரிசையில் இருந்து, ஒன்று மட்டும் பலமடங்கு காட்டினால் அதுதான். பிடித்துக்கொண்டே ஒயரை வளைத்து ஆட்டிப் பாருங்கள். நேராக இருக்கும்போது நன்றாகக் காட்டி, வளைத்ததும் எண் தாவுகிற ஒயர்தான் விட்டு விட்டு மிஸ்ஸிங் கொடுக்கும் ஒயர்.

புதிய ஒயர் மாட்டும்போது ரப்பர் மூடிக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ஈரம் உள்ளே போகாது. சாதாரண வீல் கிரீஸ் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும்.

எந்த சிலிண்டர் என்று பிடிப்பது

மிஸ்ஸிங் நடந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது இது. எஞ்சினை அணைத்து, ஒரு சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உடம்பை ஒரு ஒயரால் எஞ்சின் பிளாக்கோடு இணையுங்கள். ஒயரைச் சும்மா தொங்கவிட்டு ஓட்டினால் பொறிக்குப் போக்கிடம் இல்லாமல் காயிலையோ மாட்யூலையோ பதம் பார்த்துவிடும். இப்போது ஸ்டார்ட் செய்து ஐடிலைக் கேளுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றியிருந்தால் எஞ்சின் இன்னும் தளர்ந்து குலுங்கும். எந்த ஒன்றைக் கழற்றும்போது மாற்றம் தெரியவில்லையோ, அதுதான் ஏற்கனவே வேலை செய்யாத சிலிண்டர். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் ஒயருக்குப் பதில் இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பாதுகாப்பு. அதில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தால் மிஸ்ஸிங்கோடு நெடுந்தூரம் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து கன்வர்ட்டரை உருக்கிவிடும்.

இன்னொரு எளிய வழி: விடியலில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், எக்ஸாஸ்ட் குழாய் ஒவ்வொன்றும் எஞ்சினிலிருந்து கிளம்பும் இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று சீறும், ஒன்று சும்மா இருக்கும்.

சிலிண்டர் தெரிந்தபின் கடைக்கு ஓடாதீர்கள். இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றில் மிஸ்ஸிங் என்றால், மூன்றின் பிளக்கை ஒன்றிலும் ஒன்றின் பிளக்கை மூன்றிலும் போடுங்கள். மிஸ்ஸிங் ஒன்றுக்கு நகர்ந்தால் பிளக். மூன்றிலேயே நின்றால் அடுத்து ஒயரை மாற்றுங்கள், நீளம் எட்டினால். எங்கேயும் நகராமல் மூன்றிலேயே நிற்கிறதென்றால் கேப், அல்லது எஞ்சினுக்கு உள்ளே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் இரட்டைக் காயில் வைத்த வண்டியில் ஒரு காயில் 1, 4 இரண்டுக்கும், இன்னொன்று 2, 3 இரண்டுக்கும் பொறி கொடுக்கும். 1, 4 சேர்ந்து மிஸ்ஸிங் என்றால் அந்தக் காயிலையும் அதற்கு வரும் ஒயரையும் பாருங்கள்.

கழற்றிய பிளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். செங்காவி அல்லது வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் பொறியே விழவில்லை. வெளுத்துப்போய் இருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம்.

எர்த்

ஒயரையும் கேப்பையும் மாற்றியபின் என் வண்டியின் விடிகாலை மிஸ்ஸிங் போய்விட்டது. ஆனால் தனுஷ்கோடி போகும் வழியில், மணல் ஏறிய சாலையில் குலுங்கும்போது எப்போதாவது ஒரு வெட்டு இருந்தது. பழைய வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு குறை இருப்பது சகஜம். ஒன்றைச் சரிசெய்தும் முழுக்கப் போகவில்லை என்றால் நம் கணிப்பு தப்பு என்று எண்ணி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. நோட்டில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். என் நோட்டில் 'பனி' என்ற சொல் போய் 'குலுக்கல்' மட்டும் மிஞ்சியிருந்தது.

எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப ஒரு பின்னல் பட்டையோ தடித்த ஒயரோதான் வழி. வெளிப் பார்வைக்கு அது நல்லதாகத்தான் தெரியும். உறைக்குள்ளே உப்பு புகுந்து செம்பு பச்சை மாவாகியிருக்கும். அளந்து பார்ப்பது சுலபம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி காயிலின் 12 வோல்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவரை ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது. என் வண்டியில் 1.1 காட்டியது. அன்று ஸ்டார்ட்டர் அடித்ததும் ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் பட்டை வழியே போக முடியாத மின்சாரம் அந்த மெல்லிய கேபிள் வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

புதிய பட்டை போடும்போது இரண்டு முனையிலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, அதன் மேல் வாசலின் பூசுங்கள். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி வண்டி வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாடி துருப்பிடிக்காது, ஆனால் மின்சாரமும் கடத்தாது. ஒவ்வொன்றுக்கும் எர்த் ஒயர் தனியாக ஓடும், அதன் முனை ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலப் புதர் ஓரம் நிறுத்துகிறவர்கள் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோலும் காற்றும்

நீண்ட தூரம் வேகமாகப் போனபின் தணிந்து, ஓரம்கட்டி நின்றால் சரியாகிறது என்றால், அடுத்த முறை தணியும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி பழையபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் ஃபில்டரும் பம்ப்பும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரோடு கலக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலமோ செம்மண் மாதிரி துருவோ கிடந்தால் டேங்கைக் கழுவாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மிஸ்ஸிங் இருக்கிறதோ இல்லையோ, இது தீப்பிடிக்காமல் இருக்க.

காற்றுக் கசிவுக்கு, ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்புகளிலும் வாக்கம் குழாய்களிலும் அதே ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டையைத் தண்ணீர் நொடிநேரம் அடைக்கும்போது ஐடில் மாறும். கார்புரேட்டர் கிளீனரால் செய்கிறவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது வேண்டாம்.

கம்ப்ரஷன்

இத்தனையும் பார்த்தபின் ஒரே சிலிண்டர் பிடிவாதமாக நின்றால் அழுத்தத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள். பழைய பெட்ரோல் எஞ்சினில் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் முக்கியம். ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் எஞ்சின் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், நோட்டையும் சேர்த்து.

சரிசெய்த வண்டியை அன்று பகலிலேயே ஓட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இரவு முழுக்கத் திறந்த வெளியில் பனியில் விட்டு, விடிவதற்கு முன் எடுத்து, பாலம் ஏறி உச்சிப்புளி வரை போய்த் திரும்புங்கள். மூன்று விடியல் இப்படி ஓட்டினேன். மூன்றாம் நாள் நோட்டில் தேதிக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை. இப்போது தனுஷ்கோடியின் கடைசியில் அரிச்சல்முனை வரை போய்வந்த நாள் என்றால், எஞ்சின் ஆறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேப்பையும் ஒயர்களையும் துடைத்து, காயவைத்துவிட்டுத்தான் பானெட்டை மூடுகிறேன்.